பேன்ஜோ கத்துக்கிட்டிருக்கேன் – ஓல்டு டைம், கிளாஹாமர். வேற யாராவது உண்டா?

#1 வின்ஸ்டன்வாசி

வணக்கம். இந்த இசைப் பிரிவை எட்டு வருஷமா ஓரமா உக்காந்து படிச்சிட்டிருக்கேன். முதல் இழை இதுதான். தப்பான இடத்துல போட்டிருந்தா நிர்வாகி மன்னிக்கணும்.

நான் இருக்கிறது வட கரோலினாவுல வின்ஸ்டன்-சேலம். போன வசந்த காலத்துல ஒரு சனிக்கிழமை, பொண்ணோட பள்ளிக்கூட வேலைக்காக மவுண்ட் ஏரி ஊர்ல இருக்கிற கிரானைட் குவாரியைப் பாக்கக் கிளம்பினோம். 52-ஆம் நம்பர் சாலை. கைபேசியில சார்ஜ் இல்லாததால ரேடியோவைத் திருகினேன். ஏ.எம். 740-ல ஒரு பிடில் ஓடுது. கூடவே, கொட்டாங்கச்சி வயலினை யாரோ விரலால தட்டுற மாதிரி இன்னொரு சத்தம். ஒரே மெட்டு. முடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து. நாலு நிமிஷம் ஆச்சு, அஞ்சு ஆச்சு, அதேதான். "ஸ்டேஷன்ல ரெக்கார்டு கீறிடுச்சு போல, மாத்துங்க"ன்னாங்க வீட்டுக்காரம்மா. கையை நீட்டினேன், மாத்தல. பைலட் மலையைத் தாண்டும்போது என் விரல் ஸ்டீயரிங்ல தாளம் போடுது, பின்சீட்ல பொண்ணோட செருப்பு ஆடுது.

அந்த நிலையம் பேரு டபிள்யூ.பி.ஏ.க்யூ. 1948-ல தொடங்கினது. அப்பலேர்ந்து சனிக்கிழமை தவறாம உள்ளூர்க்காரங்களை வாசிக்க வச்சு நேரலையா விடுறாங்க. இப்போ அது ஊர் நடுவுல ஏர்ல் தியேட்டர்ல நடக்குது. குவாரியைப் பத்து நிமிஷத்துல பாத்து முடிச்சுட்டு (பொண்ணு வாங்கின மார்க்கும் அந்தப் பத்து நிமிஷத்துக்குத் தக்கதாத்தான் இருந்துச்சு) நேரா அங்க போனோம்.

மேடையைவிட, ஓரமா நடந்ததுதான் என்னைப் பிடிச்சுக்கிச்சு. வட்டமா மடக்கு நாற்காலி, ஏழெட்டுப் பேர். யாரும் கூட்டத்தைப் பாக்கல, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு வாசிக்கிறாங்க. பேன்ஜோ (தோல் போர்த்தின வட்டம், நீளக் கழுத்து, அஞ்சு கம்பி) வச்சிருந்த பெரியவரோட வலது கை எனக்குப் பிடிபடவே இல்ல. கிட்டார்காரங்க மாதிரி கம்பியை மேல இழுக்கல. கையை நண்டுக்கொடுக்கு மாதிரி மடக்கி வச்சு, ஆள்காட்டி விரல் நகத்தோட முதுகால கம்பியைக் கீழ்நோக்கி அடிக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் மேல இருக்கிற குட்டைக் கம்பியில வந்து உக்காந்து, எழுந்திரிக்கும்போது அதை ஒரு சுண்டு சுண்டிட்டுப் போகுது. இதுதான் கிளாஹாமர்னும், அவங்க வாசிச்ச மலைப்பக்கத்து நாட்டுப்புற இசைக்கு ஓல்டு டைம்னு பேருன்னும் அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒரு மாசத்துல பழைய பேன்ஜோ ஒண்ணு வாங்கிட்டேன். பின்பக்கம் திறந்தே இருக்கும், ஓபன்-பேக். இப்போ அஞ்சு மாசம். எல்லாரும் முதல்ல கத்துக்கிற "கிரிப்பிள் கிரீக்" மெட்டு அடையாளம் தெரியிற அளவுக்கு வருது. பிரச்சினை வலது கையில. அடிப்படைத் தாளத்தை இங்க "பம்-டிட்டி"ன்னு சொல்றாங்க. என் கட்டைவிரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் லேட்டா வருது. வேகம் கூட்டினா நொண்டுது. இங்க யாராவது இதுல விழுந்து எழுந்தவங்க இருக்கீங்களா?

#2 யாழ்ப்பெடியன்

அண்ணை, நான் டொரொன்டோவில இருக்கிறன். நானும் பேன்ஜோதான், ஆனா மூண்டு விரல், எர்ல் ஸ்க்ரக்ஸ் பாணி. விரலுக்கு இரும்பு பிக் போட்டு வாசிக்கிறனான்.

உண்மையைச் சொன்னா உந்த ஓல்டு டைம் எனக்கு விளங்கேல்ல. எல்லாரும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில அடிக்கினம். ஒருத்தரும் முன்னுக்கு வந்து தனிய வாசிக்கிறேல்ல. ஸ்க்ரக்ஸ் வாசிச்ச ப்ளூகிராஸ் இசை எண்டால் ஆளாளுக்கு முறை வரும், திறமையைக் காட்டலாம். இதில என்னத்தைக் கேக்கிறது? சண்டைக்குக் கேக்கேல்ல, உண்மையா அறியத்தான்.

#3 வின்ஸ்டன்வாசி

தம்பி, நல்ல கேள்வி. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

ஸ்க்ரக்ஸும் இதே வட கரோலினாக்காரர்தான். 1945 டிசம்பர்ல ப்ளூகிராஸ் முன்னோடி பில் மன்ரோவோட குழுவில சேர்ந்து நாஷ்வில் மேடைக்கு வந்தார், அதோட பேன்ஜோவோட தலையெழுத்தே மாறிப்போச்சு. அந்த மூணு விரல் வேகம் மேடைக்கும் மைக்குக்கும் ரேடியோவுக்கும் பொருந்தின இசை. கேக்கிறவங்க எதிர்ல உக்காந்திருக்காங்கன்னு நினைச்சு வாசிக்கிறது.

ஓல்டு டைம்ல எதிர்ல யாரும் கிடையாது. ஆடுறவங்க இருக்கலாம். பிடிலும் பேன்ஜோவும் சேர்ந்து ராத்திரி முழுக்க ஆட்டத்துக்கு வாசிச்ச இசை இது. கிட்டார் இந்த மலைப்பக்கம் பரவலா வந்ததே பிறகுதான். ஆடுறவங்களுக்கு உங்க தனித்திறமை எதுக்கு? தாளம் விழாம இருந்தா போதும். மெட்டு ரெண்டு பாதி, ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை, அப்படியே பத்து, பதினஞ்சு சுத்து. முதல் மூணு சுத்து நீங்க மெட்டைத் தேடுவீங்க. ஆறாவது சுத்துல அது கையில இருக்கும். பத்தாவதுல நீங்க வாசிக்கிறீங்களா, பக்கத்து ஆள் வாசிக்கிறாரான்னு தெரியாது. அந்தப் பத்தாவது சுத்துக்காகத்தான் நான் வாரா வாரம் போறேன். வெளியில நின்னு கேட்டா "ரெக்கார்டு கீறிடுச்சு"தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உள்ள உக்காந்தாத்தான் இது தெரியும்.

சரி, என் கட்டைவிரல்?

#4 வயலின்பித்தன்

நாற்பது வருடமாக வயலின் வாசிக்கிறேன். வித்வான் இல்லை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியன், மாயவரம்.

நீங்கள் கொடுத்த பெயர்களை வைத்து இரண்டு மணி நேரம் கேட்டேன். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கமகம் இல்லை, கற்பனை விரிவு இல்லை, ஒரே பல்லவியைச் சங்கதி போடாமல் பாடிக்கொண்டே இருப்பது போல இருக்கிறது. ஆறாவது நிமிடத்தில் எழுந்து காபி போடப் போய்விட்டேன்.

ஆனால் உங்கள் கட்டைவிரலுக்கு ஒரு வழி தெரிகிறது. அந்தக் குட்டைக் கம்பி வேறொன்றும் இல்லை, வீணையின் பக்கவாட்டில் இருக்கும் தாளத்தந்திதான். வீணைக்காரர்கள் சுண்டுவிரலால் மீட்டுவார்கள், உங்களுக்குக் கட்டைவிரல். ராகத்தைக் கவனித்துக்கொண்டே தாளத்தந்தியைத் தவற விடுவது வீணை மாணவர்கள் எல்லோரும் செய்கிற பிழை. வாத்தியார்கள் என்ன செய்வார்கள்? இடது கையை மடியில் வைக்கச் சொல்வார்கள்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு மெட்டே வேண்டாம். வாயால் "தா - தக, தா - தக" என்று சொல்லுங்கள். "தா" நகத்தின் முதல் அடி, இரண்டு மாத்திரை. அடுத்த "த" கம்பிகளை மொத்தமாக வருடுவது, "க" கட்டைவிரல். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் நீங்கள் "க" வரும்போதுதான் கட்டைவிரலைக் கம்பிக்குக் கொண்டுபோகிறீர்கள். அது "த" விழும்போதே அங்கே போய்க் காத்திருக்க வேண்டும்.

#5 வின்ஸ்டன்வாசி

சார், கும்பிடுறேன். அதேதான். நேத்து ராத்திரி ஒரு மணி நேரம் "தா - தக" சொல்லிக்கிட்டே அடிச்சேன், கட்டைவிரல் முன்கூட்டியே போய் உக்காந்துக்குது. என் பொண்ணு கூடவே சொல்ல ஆரம்பிச்சுட்டா. வீட்டுக்காரம்மா பேன்ஜோ உள்ள ஒரு துண்டைச் சுருட்டித் திணிச்சுட்டாங்க. அது கேலி இல்ல, நிஜமாவே வழக்கம்தான். தோலுக்கும் பின்னாடி இருக்கிற கட்டைக்கும் நடுவுல ஒரு பழைய காலுறையோ துணியோ செருகினா சத்தம் மட்டுப்படும், நாதமும் கொஞ்சம் கனமாகும். அடுக்குமாடிக் குடியிருப்புல இருக்கிறவங்க குறிச்சுக்கோங்க.

#6 செங்கல்பட்டான்

அண்ணே, நானும் ஒரு ஆள் இருக்கேன்! செங்கல்பட்டுலேர்ந்து. நம்ம ஊர்ல பேன்ஜோ வாங்கப் போன கதையைச் சொல்றேன், கேளுங்க.

ஆன்லைன்ல "பேன்ஜோ"ன்னு தேடி, மலிவா இருக்கேன்னு ஆர்டர் போட்டேன். பெட்டியைப் பிரிச்சா டைப்ரைட்டர் மாதிரி பொத்தான் வச்ச புல்புல் தாரா! நம்ம நாட்டுல அதையும் பேன்ஜோன்னுதான் விக்கிறாங்கன்னு அப்பதான் தெரிஞ்சுது. அது ஜப்பான் தைஷோகோட்டோவோட சொந்தக்காரன், அமெரிக்க பேன்ஜோவுக்கு எட்டுத் தலைமுறைக்கு உறவு கிடையாது. அப்பா அதுல பழைய சினிமாப் பாட்டு வாசிக்கிறார், சந்தோஷமா இருக்கார். அந்தக் காசு வீணாகல.

அப்புறம் அமெரிக்காவுலேர்ந்து திரும்பி வந்த ஒருத்தர்கிட்ட நிஜ பேன்ஜோ கிடைச்சுது. அதுல நிஜக் கன்னுக்குட்டித் தோல் போட்டிருந்தாங்க. ஐப்பசி மழையில தோல் தொய்ஞ்சு, மேல கம்பியைத் தாங்கி நிக்கிற குதிரை உள்ள அமுங்கி, கம்பியெல்லாம் கழுத்துல உரசி ஈ மொய்க்கிற மாதிரி சத்தம். நான் புத்திசாலித்தனமா சுத்தி இருக்கிற கொக்கியையெல்லாம் ஸ்பேனர் போட்டு முறுக்கிட்டேன். மறுநாள் ஏ.சி. ரூம்ல வச்சேன். ராத்திரி ரெண்டு மணிக்கு டமார்னு ஒரு சத்தம், தோல் குறுக்கால கிழிஞ்சு கிடக்கு. ஈரத்துல முறுக்கினது, காய்ஞ்சதும் சுருங்கி இழுத்திருக்கு. பறை அடிக்கிறவங்க தீ மூட்டிக் காய்ச்சுறாங்களே, அதைப் பாத்தே வளர்ந்தவனுக்கு இது தோணியிருக்க வேண்டாமா?

மிருதங்கம் கட்டறவர் ஒருத்தர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "நடுவுல கறுப்பு மருந்து எங்க வைக்கிறது?"ன்னு கேட்டார். கடைசியில 11 அங்குல பிளாஸ்டிக் தோல் வரவழைச்சு மாட்டியாச்சு. மலைக்காரங்க கண்டுபிடிச்ச வாத்தியத்தை வெக்கைப் பூமிக்குக் கொண்டுவந்தா இதான் கதி போல.

#7 நூலகப்பூனை

அட்லாண்டாவில் இருக்கிறேன், நூலகத்தில் வேலை. இழையை ரசித்துப் படித்தேன். ஆனால் கடைசி வரியில் ஒரு திருத்தம் சொல்லாமல் போக முடியவில்லை. பேன்ஜோவை மலைக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. அது வெக்கைப் பூமியிலிருந்துதான் வந்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்களிடம் அகோன்டிங் என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. சுரைக்குடுக்கையில் ஆட்டுத்தோல் போர்த்தி, நீளக் கழியைச் செருகி, மூன்று கம்பி கட்டியது. அதில் ஒரு கம்பி குட்டை. வாசிக்கும் முறை? ஆள்காட்டி விரல் நகத்தால் கீழ்நோக்கி அடித்து, கட்டைவிரலால் குட்டைக் கம்பியைச் சுண்டுவது. வின்ஸ்டன்வாசி மவுண்ட் ஏரியில் வாய்பிளந்து பார்த்த அதே கை. காம்பியாவைச் சேர்ந்த டேனியல் லேமுவாஹுமா ஜட்டா என்ற ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டில் இதை அமெரிக்கப் பேன்ஜோ சேகரிப்பாளர்களுக்கு வாசித்துக் காட்டினார். அகோன்டிங் ஒன்றுதான் மூதாதை என்று சொல்ல மாட்டேன். ங்கோனி, ஹலாம் என்று ஒரு குடும்பமே உண்டு.

அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளில், கிடைத்த சுரைக்காயை வைத்து நினைவிலிருந்து இதைக் கட்டினார்கள். 1687-ல் ஜமைக்காவுக்குப் போன ஆங்கில மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், 1707-ல் வெளியிட்ட நூலில் இவற்றின் படமே இருக்கிறது. தென் கரோலினாவில் 1739-ல் ஸ்டோனோ ஆற்றங்கரைக் கிளர்ச்சி நடந்தது. அதில் முரசு கொட்டிப் போனார்கள் என்பதால், மறு ஆண்டே அடிமைகள் முரசு வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். சுரைக்குடுக்கைப் பேன்ஜோ அந்தத் தடைக்குள் வரவில்லை. அந்த மாநிலத்திலேயே 1785-90 வாக்கில் ஜான் ரோஸ் என்ற தோட்ட முதலாளி வரைந்த நீர்வண்ணப் படம் ஒன்று உண்டு. கறுப்பின மக்கள் ஆடுகிறார்கள், ஒருவர் நான்கு கம்பிப் பேன்ஜோ வாசிக்கிறார். ஒரு கம்பி குட்டை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தக் குட்டைக் கம்பியை வர்ஜீனியாவின் ஜோயல் ஸ்வீனி கண்டுபிடித்தார் என்று ஒரு கதை நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. ஸ்வீனி பிறந்ததே 1810-ல். அவர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சிகளில் பேன்ஜோவைப் பிரபலப்படுத்தினார். 1843-ல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரெல்ஸ் குழு அதை முழுநீள வியாபாரமாக்கியது. வாத்தியத்தை எடுத்துக்கொண்டு, கொடுத்தவரைக் கோமாளியாக்கிய காலம் அது. இந்த இசையைப் பற்றிப் பேசும்போது அதைத் தாண்டிக் குதித்துவிட முடியாது.

#8 செங்கல்பட்டான்

அக்கா, தெரியாம எழுதிட்டேன். திருத்தினதுக்கு நன்றி. அப்போ என் ஊர் வெக்கை மேல பழி போட முடியாது, என் ஸ்பேனர் மேலதான்.

#9 யாழ்ப்பெடியன்

அக்கா, மெத்தச் சரி. ஆனா ஒரு சந்தேகம். அப்பிடியெண்டால் பழைய இசைத்தட்டுகளில பேன்ஜோ வாசிக்கிற ஆக்கள் ஏன் அநேகமா வெள்ளைக்காரரா இருக்கினம்? நான் கேட்ட டாக் பாக்ஸ், கிளாரன்ஸ் ஆஷ்லி, எல்லாம் அவையள்தானே. கறுப்பின ஆக்கள் விட்டிட்டினமா?

#10 நூலகப்பூனை

பாதிதான் உண்மை, தம்பி. கரி பூசிய மேடைக் கேலிக்குப் பிறகு அந்த வாத்தியத்தைத் தொடவே பலருக்குக் கூசியது. ஊர் விட்டு நகரத்துக்குப் போனவர்கள் கிட்டாருக்கும் ப்ளூஸுக்கும் மாறினார்கள். ஆனால் முழுக்க விடவில்லை. 1920-களில் ஒலிப்பதிவு நிறுவனங்கள் தெற்கே வந்தபோது இசையை இரண்டு பட்டியலாகப் பிரித்தன. கறுப்பர்களுக்கு "ரேஸ்" தட்டு, வெள்ளையர்களுக்கு "ஹில்பில்லி" தட்டு. பிடிலும் பேன்ஜோவும் இரண்டாவது பட்டியலுக்குப் போயின. கறுப்பினத்தவர் ஒருவர் பிடில் மெட்டு வாசித்தால் எந்தப் பட்டியலில் விற்பது? அதனால் அதிகம் பதியவே இல்லை. பதியாதது இல்லாததாகிவிட்டது.

நீங்கள் சொன்ன டாக் பாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1927-ல் நியூயார்க் போய் எட்டுப் பாட்டுப் பதிந்துவிட்டு மறுபடி சுரங்கத்துக்குத் திரும்பினார். 1963-ல் இசைக்கலைஞர் மைக் சீகர் தேடிக் கண்டுபிடிக்கும் வரை உலகம் அவரை மறந்திருந்தது. அவர் தன் பாணியைக் கறுப்பினக் கலைஞர்கள் வாசிக்கப் பார்த்துக் கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார்.

வின்ஸ்டன்வாசிக்கு: உங்கள் மாநிலத்தில் மெபேன் என்ற ஊரில் ஜோ தாம்ப்சன் என்று ஒரு பிடில்காரர் இருந்தார், 1918-ல் பிறந்து 2012-ல் மறைந்தவர். அவரும் அவர் உறவினர் ஓடெல் தாம்ப்சனும் குடும்ப வழியாக வந்த கறுப்பினப் பிடில்-பேன்ஜோ மரபைக் கடைசிவரை வைத்திருந்தார்கள். 2005-ல் பூன் நகரில் கறுப்பினப் பேன்ஜோ கலைஞர்கள் ஒன்றுகூடினார்கள். அங்கே சந்தித்த இளைஞர்கள் மூவர் வாரா வாரம் ஜோவின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கற்றார்கள். கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற குழு அப்படிப் பிறந்ததுதான். 2011-ல் கிராமி வாங்கினார்கள். அந்த மூவரில் ஒருவரான ரியானன் கிடன்ஸ் வாசிப்பதைக் கேளுங்கள். இரும்புக் கம்பி இல்லாத, 1858-ஆம் ஆண்டு மாதிரிப் பேன்ஜோ. சத்தமே வேறு, அடிவயிற்றிலிருந்து வரும்.

#11 நிர்வாகி

அருமையான இழை. ஒரு நடைமுறைச் சிக்கல்: இதை "மேற்கத்திய இசை"யில் வைப்பதா, "நாட்டார் இசை"க்கு மாற்றுவதா?

#12 நூலகப்பூனை

மேற்கு ஆப்பிரிக்காவும் மேற்குதானே, இங்கேயே இருக்கட்டும்.

#13 வயலின்பித்தன்

ஒரு மாதம் கழித்து வருகிறேன். முதலில் நான் கேட்ட முறை தவறு. ஒலிபெருக்கியில் கச்சேரி போலக் கேட்டேன். பிறகு டாமி ஜாரல் என்ற பிடில்காரர் வாசித்ததை, கையில் வயலினை வைத்துக்கொண்டு கூடவே வாசித்துப் பார்த்தேன்.

கமகம் இல்லை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். மெட்டு இல்லாத, அதாவது கழுத்தில் உலோகத் தடுப்புகள் இல்லாத பேன்ஜோவில் அவர்கள் காந்தாரத்துக்கு ஜாரு (விரலை வழுக்கிக்கொண்டு போவது) போடுகிறார்கள். அது போய் நிற்கும் இடம் அந்தர காந்தாரமும் இல்லை, சாதாரண காந்தாரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவே. பியானோவில் அந்த ஸ்வரத்துக்குக் கட்டையே கிடையாது. பிடிலும் அதே இடத்தில் நிற்கிறது, ஆகவே பிழையல்ல, வேண்டுமென்றே செய்கிறார்கள்.

சுருதி சேர்ப்பதும் சுவாரஸ்யம். "சாமில்" என்று ஒரு சேர்க்கை, கிளாரன்ஸ் ஆஷ்லி 1929-ல் பதிந்த குயில் பாட்டில் வருவது. ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் நீளக் கம்பிகள் நான்கும் ப-ஸ-ம-ப. காந்தாரமே கிடையாது! வழக்கமான சேர்க்கையில் காந்தாரம் இருக்கும் கம்பியை அரை ஸ்வரம் ஏற்றி மத்திமமாக்கிவிடுகிறார்கள். அதனால்தான் அந்தப் பாட்டு மகிழ்ச்சியா துக்கமா என்று சொல்ல முடியாமல் நடுவே தொங்குகிறது.

காபி இப்போதும் போடுகிறேன். ஆனால் வயலினைக் கீழே வைத்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.

#14 வின்ஸ்டன்வாசி

சார், நீங்க பிடிச்சது ரவுண்ட் பீக் பாணி. நான் இருக்கிற இடத்துக்குப் பக்கம்தான், சர்ரி மாவட்டம். டாமி ஜாரல் (1901–1985) அங்க டோஸ்ட்னு ஒரு சின்ன ஊர்ல இருந்தார். வேலை? நெடுஞ்சாலைத் துறையில ரோடு சமன் பண்ற வண்டி ஓட்டுறது. ஓய்வுக்கு அப்புறம் நாட்டோட எந்தெந்த மூலையிலேர்ந்தோ பசங்க பிடிலும் பேன்ஜோவுமா வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்ட, உள்ள கூப்பிட்டு உக்காரவச்சுச் சொல்லிக் கொடுத்திருக்கார். 1982-ல அரசாங்கம் தேசிய மரபுக் கலைஞர் விருது கொடுத்துச்சு. அவரோட வாசிச்ச ஃப்ரெட் காக்கர்ஹாம் கையில இருந்ததுதான் நீங்க சொல்ற தடுப்பில்லாத பேன்ஜோ. அதே வட்டத்துல கைல் கிரீட்னு ஒரு தச்சர், பேன்ஜோ கழுத்துக்கு மேல ஃபார்மைகா ஒட்டிக் கொடுத்தார். சமையல் மேடையில ஒட்டுவோமே, அதே ஃபார்மைகா! விரல் வழுக்கிட்டுப் போக அதைவிட நல்ல பரப்பு இல்லையாம்.

என் கதை: கட்டைவிரல் சரியாச்சு, இப்போ நகம் போச்சு. நகத்தால அடிச்சு அடிச்சு ஓரம் தேய்ஞ்சு பிளந்துடுச்சு. இரும்புக் கம்பிக்கு முன்னாடி மனுஷ நகம் எம்மாத்திரம்? இங்க பல பேர் பிங்-பாங் பந்தை நகம் மாதிரி வெட்டி ஒட்டிக்கிறாங்க. நான் அழகு நிலையத்துக்குப் போய் ஒரே ஒரு விரலுக்கு அக்ரிலிக் நகம் கேட்டேன். அந்தம்மா என்னையும் பாத்தாங்க, விரலையும் பாத்தாங்க, "பேன்ஜோவா?"ன்னாங்க. இந்த ஊர்ல இது சகஜமாம்.

போன வாரம்தான் முதல்முறையா வட்டத்துல உக்காந்து முழுசா வாசிச்சேன். புதுசா போறவங்களுக்கு நான் அடிபட்டுக் கத்துக்கிட்டது மட்டும்: பிடில்காரருக்கு எதிர்ல உக்காருங்க, அவர் வில்லைப் பாருங்க. ஒரு சுருதியில தொடங்கினா மணிக்கணக்கா அதுலதான் இருப்பாங்க, ஏன்னா மாத்தினா பேன்ஜோக்காரங்க எல்லாரும் அஞ்சு கம்பியையும் திருகணும். (பாதி நேரம் சுருதி சேர்ப்பான், மீதி நேரம் சேராமலே வாசிப்பான்னு எங்களைப் பத்தி ஒரு நக்கல் உண்டு.) தெரியாத மெட்டுன்னா தோல் மேல கையை வச்சு சத்தத்தை அடக்கி, வலது கையை மட்டும் ஓட்டுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. முக்கியமா, மெட்டைத் தொடங்கினவர் ஒரு காலைத் தூக்கினா இதுதான் கடைசிச் சுத்துன்னு அர்த்தம். எனக்கு அது தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு லயிச்சு வாசிச்சிட்டிருந்தேன். எல்லாரும் டக்குனு நிறுத்தினாங்க, நான் மட்டும் ஒண்டியா அடுத்த சுத்துக்குள்ள போயிட்டேன். ஒருத்தரும் சிரிக்கல. அதுதான் இன்னும் வெக்கமாப் போச்சு.

#15 யாழ்ப்பெடியன்

அண்ணை, நான் பிக்கைக் கழட்டிப் போட்டு மூண்டு கிழமையா "தா - தக" அடிக்கிறன். ஸ்க்ரக்ஸை விடேல்ல, விடவும் மாட்டன். ஆனா எனக்கு ஒரு கயிட்டம்: மூண்டு விரல்ல எல்லாம் மேல இழுக்கிறது, இதில எல்லாம் கீழ அடிக்கிறது. கை மாறி மாறிக் குழம்புது. விரலை அசைக்கிறனா, மணிக்கட்டை அசைக்கிறனா எண்டே தெரியேல்ல.

#16 வின்ஸ்டன்வாசி

விரலை மறந்துடுங்க. விரல் மடங்கினபடியே இருக்கட்டும். முழங்கைலேர்ந்து கை மொத்தமா விழணும், மணிக்கட்டு அது கூடவே தளர்வா வரும். கையில ஈரம் பட்டா உதறுவோமே, அந்த உதறல். விரலைத் தனியா நீட்டி நீட்டித் தட்டினீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல வலிக்கும், வலிச்சா தப்பா அடிக்கிறீங்கன்னு அர்த்தம்.

#17 செங்கல்பட்டான்

அண்ணே, ஒரு அவசர சந்தேகம். வயலின்பித்தன் ஐயா தை மாசம் செங்கல்பட்டு வர்றார், பொண்ணு வீட்டுக்கு! சேர்ந்து வாசிக்கலாம்னு சொல்லிட்டார். என்ன சுருதி, என்ன மெட்டு? எனக்கு வயித்தைக் கலக்குது.

#18 வயலின்பித்தன்

தம்பி பயப்பட வேண்டாம். "ஏஞ்சலின் தி பேக்கர்" எடுத்துக்கொள்வோம். ஸ்டீஃபன் ஃபாஸ்டர் 1850-ல் எழுதிய பாட்டிலிருந்து வந்ததாம், மக்கள் கையில் போய் மெட்டு வேறாகிவிட்டது. நான் கேட்ட வரையில் மோகனம்தான். பழக்கப்பட்ட வீதி. டி-யில் வாசிக்கிறார்கள், அதாவது இரண்டு கட்டை. வயலினை இரண்டு கட்டைக்குச் சேர்த்துக்கொண்டு வருகிறேன்.

#19 வின்ஸ்டன்வாசி

அருமை! செங்கல்பட்டான், உங்க பேன்ஜோவை டபுள் சி-க்கு மாத்துங்க: குட்டைக் கம்பி ஜி, மத்தது சி-ஜி-சி-டி. ரெண்டாவது தடுப்புல கேப்போ (கம்பிகளைச் சேர்த்து அமுக்குற கவ்வி) போட்டா டி வந்துடும், ஐயாவோட ரெண்டு கட்டை. ஆனா கேப்போ நாலு நீளக் கம்பியைத்தான் பிடிக்கும். குட்டைக் கம்பியையும் ஜி-யிலேர்ந்து ஏ-க்கு ஏத்தணும். திருகியே ஏத்தலாம், பழைய கம்பின்னா அறுந்துடும். இங்க என்ன பண்றாங்கன்னா, பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கிற குட்டி ஆணி, எச்.ஓ. அளவு ஸ்பைக், அதைக் கழுத்துல ஏழாவது தடுப்புக்குக் கீழ பதிச்சு வச்சுக்கிறாங்க. கம்பியை அதுக்கடியில நழுவ விட்டா ஏ.

#20 செங்கல்பட்டான்

ரயில் ஆணியா? சுத்தியல் எடுத்து அடிச்சுடட்டுமா?

#21 வின்ஸ்டன்வாசி

தொடாதீங்க!! முதல்ல ஊசி கனத்துக்கு ஓட்டை போடணும், இல்லேன்னா கழுத்து பிளந்துடும். ஏற்கெனவே ஸ்பேனர் கதை ஒண்ணு இருக்கு.

#22 செங்கல்பட்டான்

சரிண்ணே. தெருமுனையில வாட்ச் ரிப்பேர்க்காரர்கிட்ட கேட்டேன், அவர்கிட்ட அந்த அளவுக்கு ட்ரில் இருக்காம். பேன்ஜோவைப் பாத்துட்டு, "இது எத்தனை மணி காட்டும்?"னு கேக்கிறார்.

#23 வயலின்பித்தன்

ஓட்டை போடும்போது கம்பியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். பொங்கல் முடிந்து மறுநாள் காலை பத்து மணிக்கு வருகிறேன். காபி சர்க்கரை இல்லாமல்.

#24 வின்ஸ்டன்வாசி

காலைத் தூக்கப்போறது யாருன்னு மட்டும் முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.